குவெலண்டர் என்று ஒரு வார்த்தை

மார்ச் 3, செவ்வாய்

நான் சொன்னேனா இல்லையா? எல்லாவற்றையும் அன்றைக்கே சொன்னேன். தங்கச்சி மகள் பிறந்த அன்று தொட்டில் பக்கத்தில் நின்று, இவள் பேசிப் பிழைப்பாள், எழுதிப் பிழைப்பாள் என்று முதலில் சொன்ன ஆள் நான்தான். அப்போது ஒரே இரைச்சல், அதனால் யார் காதிலும் விழவில்லை. அது என் குற்றமா?

இன்று பாப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பயண இன்சூரன்ஸ் கம்பெனி. ஊர் சுற்றப் போகிறவர்கள் பெட்டி தொலைந்தால், கால் உடைந்தால், விமானம் தவறினால் இவர்களுக்குத்தான் எழுதுவார்களாம். அவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும். மூன்று மாதம் பயிற்சி, தேறினால் நிரந்தரம். இதற்கு முன்னால் போன இரண்டு இடத்திலும் ஆங்கிலம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செய்தி கேட்டு ஆடிப்போனேன். எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் ஆடிப்போனேன். முதுகு பிடித்துக்கொண்டு போன மழைக்காலத்திலிருந்து சோபாவிலேயே கிடக்கிற மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர், படுத்தபடியே சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் நடந்திருந்தா மச்சான், நான் இந்நேரம் மந்திரி."

அவர் பேசட்டும். இனி இந்த வீடு ஓடுவது பாப்பா கையில் இருக்கிறது. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு இவர்கள் மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். என் சம்பளம் ஒன்றுதான் இதுவரை மொத்த வீட்டுக்கும். நகரத்தின் பெரிய ஹோட்டலில் நான் தலைமை இஸ்திரிக்காரன். அங்கே இஸ்திரிக்காரர்கள் இரண்டு பேர். மற்றவர் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். ஆகவே நான் தலைமை.

மார்ச் 5, வியாழன்

தலையில் இடி விழுந்தது போல இருக்கிறது. பாப்பா ஆபீசில் 'சாரி' என்ற வார்த்தைக்குத் தடையாம். 'வெரி'க்கும் தடை. 'சேட்', 'ஹேப்பி', 'நைஸ்' எதுவும் கூடாது. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதினால் கடிதம் அப்படியே மேசைக்குத் திரும்பி வந்துவிடும்.

பயிற்சி கொடுப்பது ஒரு அம்மாள். பாப்பா சொன்ன வர்ணனையைக் கேட்டதுமே அவருக்குக் கஞ்சி மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன். கஞ்சி போட்டுத் தேய்த்த காலர் மாதிரி நிற்பாராம், கழுத்துகூடத் திரும்பாதாம். அவருடைய சட்டம் இது: துக்கத்தில் எழுதுகிறவனுக்குத் துருப்பிடித்த வார்த்தையில் பதில் போடக்கூடாது. தினமும் காலையில் ஆளுக்கொரு புது வார்த்தை, மனசின் ஏதாவது ஒரு நிலையைச் சொல்லும் வார்த்தை, கொண்டுவந்து பலகையில் எழுத வேண்டும். அன்றைக்கே ஒரு கடிதத்தில் அதைப் போட வேண்டும்.

"மத்தவங்க எல்லாம் இங்கிலீஷ்லயே கனவு காண்றவங்க மாமா. எங்கிட்ட ஸ்டாக் ரெண்டு நாளைக்குக்கூட வராது," என்றாள். முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

நான் சிரித்தேன். மாமன் இருக்கும்போது வார்த்தைக்கா பஞ்சம்? எத்தனை தேசத்துச் சட்டைகள் என் மேசையில் படுத்து எழுந்து போயிருக்கின்றன. நான் எட்டாவது வரை படித்தவன் என்பது காகிதத்தில்தான். ஏழாவது என்று தங்கச்சி சொல்வாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

மார்ச் 6, வெள்ளி

மதியம் வாசகசாலைக்குப் போய் அங்கிருக்கும் தடி அகராதியை லேசாகப் புரட்டினேன். தெரியாமல் இல்லை. அவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு 'லுகூப்ரியஸ்' கொடுத்தனுப்பினேன். தேவைக்கு மேல் நீட்டி வைத்துக்கொள்ளும் சோக முகம். பாப்பாவுக்கு அர்த்தம் பிடிபடவில்லை. சோபாவைக் காட்டினேன். உடனே பிடிபட்டது.

"என் முதுகுவலி உங்களுக்கு இங்கிலீஷ் பாடமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. ஆனால் சாயங்காலம் அவரே தங்கச்சியிடம், "இன்னைக்கு நான் ரொம்ப லுகூப்ரியஸா இருக்கேன், டீ குடு," என்று கேட்டது என் காதில் விழுந்தது.

நேற்று 'எஃபர்வெசன்ட்'. சோடா மூடியைத் திறந்தது போல மனசு பொங்கி நுரைப்பது. நாளைக்கு 'டிஸ்காம்பாபுலேட்டட்'. பட்டன் ஒன்று மாற்றிப் போட்டதில் மொத்தச் சட்டையும் கோணிப்போனது போன்ற குழப்பம். இவ்வளவு நீளத்துக்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்பதைப் பார்த்து நாற்காலியிலேயே உறைந்துவிட்டேன். அதாவது, முன்னமே தெரியும். மறந்திருந்தேன்.

கஞ்சி மேடம் பாப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாராம். அந்தக் கழுத்து அசைந்ததே என்று வகுப்பு முழுக்க அசந்துபோயிற்று.

மார்ச் 12, வியாழன்

மாப்பிள்ளை கேட்கிறார், சாரி என்று எழுதினால் என்ன குறைந்துபோகும், அதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று. அவருக்கு நான் விளக்கினேன். பருத்திக்கு ஒரு சூடு, பட்டுக்கு ஒரு சூடு, கம்பளிக்கு நடுவில் ஈரத் துணி. எல்லாவற்றையும் ஒரே சூட்டில் தேய்த்தால் ஒன்று மடியும், ஒன்று பொசுங்கும். கால் உடைந்தவனுக்கும் சாரி, மகனைத் தொலைத்தவனுக்கும் சாரி என்றால் எப்படி?

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எனக்கே அதிர்ச்சி. இப்படியெல்லாம் எனக்குப் பேச வருமா?

மார்ச் 17, செவ்வாய்

பாப்பா இன்று ஒரு கடிதத்தோடு போராடிவிட்டு வந்தாள்.

எழுதியவர் ஒரு பெண்மணி, ஓய்வுபெற்றவர். சுற்றுலாவுக்குக் கிளம்பி விமானத்தில் ஏறும் வரிசையில் நிற்கும்போது போன் வந்திருக்கிறது. அவருடைய ஒரே தம்பி இறந்துவிட்டான். போனைப் பைக்குள் வைத்தார். டிக்கெட்டைக் காட்டினார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அங்கே போய் இறங்கி, ஹோட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உள்ளே இறங்கியது. ஓடி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சுற்றாமலே திரும்பிய சுற்றுலாவுக்குப் பணம் கேட்கிறார். செய்தி தெரிந்தும் நீங்களாகத்தானே விமானம் ஏறினீர்கள், அதனால் கிடையாது என்கிறது கம்பெனி விதி. அதைச் சொல்லும் கடிதத்தைப் பாப்பா எழுத வேண்டும்.

"ஏன் ஏறினேன்னு அவங்களுக்கே தெரியல மாமா. காலு தானா போச்சுன்னு எழுதியிருக்காங்க. மனசு நின்னுபோச்சு, ஆனா கையும் காலும் அதுபாட்டுக்கு வேலையை விடாம செஞ்சுக்கிட்டே இருக்கு. அந்த நிலைக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கச்சி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருக்கே," என்றேன். "குவெலண்டர்."

எப்படித் தெரியும் என்று பாப்பா கேட்டாள். சொன்னேன். எங்கள் ஹோட்டலில் அறுநூற்று இரண்டாம் அறையில் ஒரு வெளிநாட்டுக்காரர், இன்ஜினியர், ஆறடிக்கு மேல் உயரம். தேய்த்த துணியைக் கொடுக்க நான் போயிருந்தபோது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போன் வந்தது. கேட்டார், வைத்தார். திரும்பவும் பாலிஷ் போட ஆரம்பித்தார். அதே ஷூவுக்கு. அது கண்ணாடி மாதிரி ஆன பிறகும் விடவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, என் மனைவி இறந்துவிட்டாள், எனக்குக் குவெலண்டர் பிடித்திருக்கிறது என்றார். ஜன்னலுக்கு வெளியே மழை. ஒரு புறா.

பாப்பா போய்ப் பேனாவையும் காகிதத்தையும் எடுத்து வந்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

மார்ச் 18, புதன்

பேயறைந்தது போல இருக்கிறேன்.

பலகையில் பாப்பா குவெலண்டர் என்று எழுதினாளாம். கஞ்சி மேடம் கண்ணை மூடித் திறந்து, "அருமையான தேர்வு, கல்லூரியில படிச்சது, இப்பெல்லாம் யாரும் பயன்படுத்துறதில்ல," என்றாராம்.

படித்தாராமே! எந்தக் கல்லூரியில்? எந்தப் புத்தகத்தில்?

சரி. உலகம் பெரியது.

மார்ச் 24, செவ்வாய்

வார்த்தை பரவிவிட்டது. வகுப்பில் அத்தனை பேரும் அதைத்தான் எழுதுகிறார்களாம். கடவுச்சீட்டைத் தொலைத்தவனுக்குக் குவெலண்டர். விமானத்தில் காபி கொட்டியவனுக்குக் குவெலண்டர். பாப்பா பெருமையோடு சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காபிக்கெல்லாம் அதைப் போடக்கூடாது. போய்ச் சொல்லு."

ஏன் மாமா இவ்வளவு சூடு என்று கேட்டாள். பதிலுக்கு அந்தக் கப்பல் கேப்டனின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் என்றேன். போன வாரம் இன்ஜினியர் என்று சொன்னீர்களே என்றாள். கப்பலுக்கும் இன்ஜினியர் உண்டு என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

அந்தப் பெண்மணியிடமிருந்து புகார். வீட்டிலிருந்த அகராதி, நூலகத்து அகராதி, பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியர், எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டாராம். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. என் தம்பியின் சாவு உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டிருக்கிறார். கம்பெனி மேலாளர் பாப்பாவையும் கஞ்சி மேடத்தையும் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். மேடம் சொன்னாராம், நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, இந்தப் பெண் சாதித்ததால் விட்டுவிட்டேன் என்று. கல்லூரியில் படித்தேன் என்றவர்!

திங்கட்கிழமை வார்த்தை எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றோடு பயிற்சி முடிந்தது, வேலையும் முடிந்தது.

வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை மட்டும், கிண்டல் ஒரு துளி இல்லாமல், "மச்சான், எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் நொண்டிக்கிட்டாவது போய் வாங்கிட்டு வரேன்," என்றார்.

இந்த மனுஷன் என்னை நம்பியிருக்கார். இத்தனை நாளா கிண்டல் பண்ணிக்கிட்டே நம்பியிருக்கார். எனக்கு இது தெரியவே தெரியாது.

ஏப்ரல் 3, வெள்ளி

என்ன பண்ணித் தொலைப்பேன்? ஹோட்டல் வாசலில் கதவு திறக்கிற ஆள் நல்ல உயரம், சிவப்பாகவும் இருப்பார். அவருக்குக் கோட்டு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனால்? அவர் வாயைத் திறந்தால் எங்கள் தெரு பேச்சுத்தான் வரும். ஊமைக் கேப்டன் என்று சொல்லலாமா?

சீ. என் புத்தி போகிற போக்கைப் பார்.

இன்று ஒரு வெள்ளைச் சட்டையைப் பொசுக்கிவிட்டேன். தலைமை இஸ்திரிக்காரன் சட்டையைப் பொசுக்கினான் என்று சலவை அறை முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 4, சனி

பாப்பா சலவை அறைக்கே வந்துவிட்டாள். நான் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கா இல்லையா மாமா?"

"இல்ல."

"அந்த ஆளு சொன்ன வார்த்தையா?"

இங்கேதான் நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். லத்தீன், கிரேக்கம், கப்பல்காரர்கள் பாஷை என்று எத்தனையோ இருக்கிறது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லல கண்ணு. பாலிஷ் போட்டுக்கிட்டே இருந்தார், அவ்வளவுதான். அந்த நிலைக்கு ஒரு பேர் இல்லையேன்னு இருந்துச்சு. நானே வச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். அழுக்குத் துணிக் கூடை மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் மடித்த போர்வையை எடுத்துப் பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அப்ப ஆள் நிஜம்?"

"நிஜம்."

"கேப்டனா, இன்ஜினியரா?"

"அது ஞாபகமில்ல. ஆள் நிஜம்."

எழுந்து போகும்போது, மேலாளரைப் பார்க்க நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க வந்தா மாமா, அந்த ஆளு கப்பல் படைக்கே தளபதியாயிடுவாரு. நானே பாத்துக்கறேன்," என்றாள். சிரித்துக்கொண்டா சொன்னாள், அழுதுகொண்டா? இரண்டும்தான்.

ஏப்ரல் 6, திங்கள்

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாளாம். என் மாமா உண்டாக்கிய வார்த்தை, எந்த அகராதியிலும் இல்லை, விசாரிக்காமல் எழுதியது என் தப்பு என்று. கஞ்சி மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

புகார் கொடுத்த அம்மாவுக்கு நீயே எழுது, அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து முடிவு என்று சொல்லிவிட்டார் மேலாளர். பாப்பா எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னாள். முதல் வரியே சாரி. தடையெல்லாம் பார்க்கவில்லை. பிறகு: உங்களுக்கு நேர்ந்ததற்குப் பொருந்துகிற ஒரு வார்த்தையும் எனக்குக் கிடைக்கவில்லை. என் மாமாவிடம் கேட்டேன். மனைவி இறந்த செய்தி வந்த பிறகும் ஒரே ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். அவருக்காக வைத்த பெயர் அது. உங்களைக் கேலி செய்ய இல்லை.

மழையையும் புறாவையும் விட்டுவிட்டாள். நல்ல வேளை.

ஏப்ரல் 9, வியாழன்

பதில் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பதில் இல்லை. பாப்பாவுக்கு ஆபீசில் வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை எழுந்து நடந்து பழகுகிறார், வேறு வேலைக்குப் போகலாமா என்று பார்க்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடக்கிறார். கூப்பிடாமலே போய்க் கையைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 15, புதன்

பதில் வந்துவிட்டது. அந்த அம்மாள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாப்பா பயிற்சியில் தொடரலாம். மேலாளரே அந்தப் பணம் பற்றிய கோப்பைத் திரும்பப் பார்க்கிறேன் என்றிருக்கிறார், கொடுப்பார்களா தெரியாது. கஞ்சி மேடத்தின் புதுச் சட்டம்: இனிமேல் வார்த்தையோடு அது இருக்கும் புத்தகத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

தங்கச்சி அழுதாள். மாப்பிள்ளை சுவரைப் பிடிக்காமல் மூன்று அடி வைத்துக் காட்டினார். நான்தான் சொன்னேனே, எல்லாம் சரியாகும் என்று... இல்லை. இந்த முறை நான் சொல்லவில்லை.

அந்த அம்மாள் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறார். வார்த்தை புத்தகத்தில் இல்லாவிட்டால் போகட்டும், எனக்கு அது போதும். உங்கள் மாமா அந்த மனிதரை மறுபடி பார்த்தால் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவருடைய கை எப்போது நின்றது? எனக்கு இன்னும் நிற்கவில்லை. காலையில் எழுந்து தம்பிக்கும் சேர்த்து டீ போடுகிறேன். இங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பாப்பா என்னைப் பார்த்தாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 3, புதன்

பாப்பாவுக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. கடிதத்தை மாப்பிள்ளைதான் உரக்கப் படித்தார். உட்காராமல், நின்றுகொண்டே. தங்கச்சி அதை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு பாப்பா மாடிக்கு வந்தாள். "அந்த அம்மாவுக்கு நான் இன்னும் பதில் போடல மாமா. அந்த ஆளு என்ன சொன்னாருன்னு கேட்டு எழுதறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

சொன்னேன். கை அதுவாக நிற்காதாம். பக்கத்தில் இருக்கிற யாராவது வந்து மணிக்கட்டைப் பிடித்தால்தான் நிற்குமாம். அதற்குப் பிறகும் கொஞ்ச நாளைக்கு ஆடுமாம், பயப்பட வேண்டாமாம். அந்தம்மா பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னாராம். பாப்பா அப்படியே எழுதிக்கொண்டாள். எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். எவ்வளவு தெரியும் அவளுக்கு? தங்கச்சி ஏதாவது சொல்லியிருப்பாளோ?

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அறுநூற்று இரண்டாம் அறை என்று ஒன்று கிடையாது. எங்கள் ஹோட்டலுக்கு ஐந்து மாடிதான். ஷூவும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. சலவை அறைச் சுவரில் இருக்கும் போன்தான் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. கேட்டேன், வைத்தேன், மேசைக்கு வந்து விட்ட இடத்திலிருந்து சட்டையைத் தேய்த்தேன். நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. புகை வந்ததும் மற்ற இஸ்திரிக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். ஆறிப்போன பெட்டியை வைத்தும் நான் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் என் கையைப் பிடிக்கும் வரைக்கும்.